இந்த வாரம் ஆண்டி ரூர்க்

நண்பர்களே, 1980களின் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ஸ்மித்ஸின் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்) கலைஞர் ஆண்டி ரூர்க் 2023 மே 19 அன்று கணையப் புற்றுநோயால் காலமானார். வயது 59. மான்செஸ்டரில், அதே குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி மாரின் பள்ளித் தோழர்.

மாரின் கிட்டாரையும் பாடகர் மாரிசியின் குரலையும் பற்றியே எல்லோரும் பேசுகிறோம் (நானும்தான்). ஆனால் 1985இல் வந்த 'பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்' கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஏழு நிமிடம், ஃபங்க் (தாளம் தூக்கலான நடன இசை) பாணியில் துள்ளும் அந்த பேஸ்தான் பாட்டையே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. கிட்டாருக்குப் பின்னால் ஒதுங்காமல் தனி மெட்டாகவே வாசித்த மனுஷன்.

சரி, ஞாயிறுக்குள் ஆளுக்கு ஒரு ஸ்மித்ஸ் பாட்டு அனுப்புங்கள். பேஸ் எந்த இடத்தில் பிடித்தது என்று ஒரு வரியும் வேண்டும். அப்புறம், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காதிலேயே விழாது.