187 வாக்கும் நான்கு வார எண்ணிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் முன்பு தோற்றவர் அதே உறுப்பினரை எதிர்த்து மறுபடி நிற்கும்போது, ‘பழைய எதிரிகள் மீண்டும் மோதல்’ என்று நம் நாளிதழ்களில் செய்தி வருகிறது. வாக்குகள் எப்படி எண்ணப்படுகின்றன என்பது மட்டும் வருவதே இல்லை. நெருக்கமான தொகுதிகளில் அதுதான் முழுக் கதையும். 2024இல் கலிபோர்னியாவின் 13ஆவது தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெர்செட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) முழுவதையும் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளின் பகுதிகளையும் சேர்த்த விவசாயத் தொகுதி அது. 2022இல் குடியரசுக் கட்சியின் ஜான் டுவார்ட்டே 67,060 வாக்குகளும் ஜனநாயகக் கட்சியின் ஆடம் கிரே 66,496 வாக்குகளும் பெற்றார்கள். 564 வாக்கில் டுவார்ட்டே வென்றார். 2024இல் அதே இருவர், அதே எல்லை. கிரே 1,05,554, டுவார்ட்டே 1,05,367. 187 வாக்கில் பதவி கைமாறியது.

இந்த எண்களைக் கழித்துப் பாருங்கள். கிரேவுக்குக் கூடியது 39,058. டுவார்ட்டேவுக்குக் கூடியது 38,307. இடைவெளி வெறும் 751. உறுப்பினரை மக்கள் கைவிட்டார்கள் என்று எழுத இதில் இடமே இல்லை. 2022இல் அதிபர் தேர்தல் கிடையாது, 2024இல் உண்டு. அதனால் இருவரும் பெற்ற மொத்த வாக்கு 1,33,556இலிருந்து 2,10,921 ஆக உயர்ந்தது. நவம்பர் போட்டிக்கு வேட்பாளர்களைத் தேரும் மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலிலும் இதே இருவர்தான் களத்தில் இருந்தார்கள். அதில் டுவார்ட்டே ஏறத்தாழ 55க்கு 45 என்று முன்னிலை பெற்றார். அதை நம்பி ஆரூடம் சொன்னவர்கள் நவம்பரில் ஏமாந்தார்கள். அதிபர் வேட்பாளரின் அலையில் கிரே கரையேறினார் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தொகுதியில் அதிபர் வாக்கில் முந்தியவர் டிரம்ப். அங்கே எல்லாப் பதவிக்கும் ஒரே சீட்டில்தான் வாக்கு. சீட்டின் மேலே டிரம்புக்குப் போட்ட சிலர், கீழே கிரேவுக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.

இனி எண்ணிக்கை. தேர்தல் நவம்பர் 5. டுவார்ட்டே தோல்வியை ஒப்புக்கொண்டது டிசம்பர் 3. நாடு முழுவதிலும் கடைசியாக முடிவான இடம் இது. சபையின் கணக்கு குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215 என்று நின்றதும் இதன் பிறகுதான். இவ்வளவு நாள் ஆனதும் ‘ஏதோ கோளாறு’ என்று பேச்சு எழுந்தது. அங்கே உள்ள சட்டத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பில்லை. பதிவு நடப்பில் உள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் தபால் வாக்குச் சீட்டு வீட்டுக்கே வரும். நம்மூரில் தபால் வாக்கு எண்ணிக்கை நாள் காலைக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். அங்கே தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால் போதும், அடுத்த ஏழு நாளுக்குள் வந்தாலும் செல்லும். தேர்தல் அன்றைக்கே வாக்காளராகப் பதிவு செய்து வாக்களித்தவர்களின் சீட்டுகளைத் தகுதி சரிபார்த்த பிறகே எண்ணுவார்கள். ஒவ்வொரு கவுண்டியும் குலுக்கலில் எடுத்த 1 சதவீத வாக்குச்சாவடிகளின் சீட்டுகளைக் கையால் எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட்டாக வேண்டும்.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது கையெழுத்து. தபால் வாக்கு உறைமேல் வாக்காளர் போட்ட கையெழுத்தைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிடுகிறார்கள். இங்கேதான் வாக்குகள் சிக்குகின்றன. சிலர் கையெழுத்துப் போடவே மறந்துவிடுகிறார்கள். கணவன் உறையில் மனைவியும், மனைவி உறையில் கணவனும் போட்டுவிடுவது உண்டு. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது மின்பலகையில் கிறுக்கிய கையெழுத்துதான் இளைஞர் பலருக்குப் பதிவேட்டில் இருக்கிறது. காகிதத்தில் போடுவது வேறு மாதிரி விழுகிறது. முதியவர்களுக்குக் கை நடுங்குகிறது. இதற்காக உடனே தள்ளிவிட முடியாது. வெளிப்படையாகப் பல அம்சங்களில் வேறுபடுகிறது என்று மேலும் இரண்டு அலுவலர்கள் ஐயத்துக்கு இடமின்றி ஒருமனதாகச் சொன்னால்தான் மறுக்கலாம். அப்போதும் வாக்காளருக்கு அறிவிப்பு போகும். அவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் வாக்கு சேரும். 2024இல் இதற்கு டிசம்பர் 1 வரை அவகாசம் இருந்தது.

187 வாக்கில் முடிந்த போட்டியில் இந்த அவகாசத்தின் எடையை எண்ணிப் பாருங்கள். சிக்கிய வாக்காளர் பட்டியலைக் கட்சிகள் பெறலாம். உறை பிரிக்கப்படாததால் யாருக்குப் போட்டார் என்பது தெரியாது; ஆனால் வாக்காளராகப் பதியும்போது எந்தக் கட்சியைக் குறித்தவர் என்பது தெரியும். அதை வைத்து இரு தரப்பும் வீடு வீடாகப் படிவத்தோடு அலைந்தார்கள். முதல் நாள் இரவு முன்னிலையில் இருந்த டுவார்ட்டேவை கிரே கடந்தது நவம்பர் கடைசி வாரத்தில்.

மயிரிழையில் தோற்றவர் அடுத்த முறை வெல்வார் என்பது விதியும் அல்ல. இதே மாநிலத்தின் வேறொரு தொகுதியில் 2018இல் 862 வாக்கில் டி. ஜே. காக்ஸிடம் பதவி இழந்த டேவிட் வலாடாவ் 2020இல் அவரையே வீழ்த்தித் திரும்பினார். அதே 2020 நவம்பரில் அங்கேயே இன்னொரு தொகுதியில் மைக் கார்சியாவிடம் 333 வாக்கில் தோற்ற கிறிஸ்டி ஸ்மித், 2022இல் அவரிடமே இன்னும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அங்கே இடையில் தொகுதி எல்லையும் மாறியிருந்தது.

மறு எண்ணிக்கை பற்றியும் தவறான எண்ணம் உலவுகிறது. இத்தகைய இடங்களுக்குக் கலிபோர்னியாவில் தானாக மறு எண்ணிக்கை நடக்காது. வாக்காளர் எவரும் கேட்கலாம், செலவை அவரே கட்ட வேண்டும். முடிவு மாறினால்தான் பணம் திரும்பும்.

தங்கள் இதழிடம் கேட்பது இதுதான். முன்னிலை நிலவரம் போடும்போது, எண்ண வேண்டிய வாக்கு எத்தனை என்பதையும் அருகிலேயே போடுங்கள். கலிபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகம் அதைக் கவுண்டிவாரியாக வெளியிடுகிறது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 50ஆவது முன்மொழிவால் 2026 முதல் அந்த மாநிலத்தில் புதிய தொகுதி வரைபடம் வந்துவிட்டது. பழைய வாக்கு வித்தியாசத்தைப் புதிய தொகுதியோடு ஒப்பிடும் முன் எல்லையைச் சரிபார்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோவை