சாவி என்கிட்ட, ஆனா நான் வெளியாளு: கொடைக்கானல் வில்லா ஓனர்கள் சங்கத்துக்கு ஒரு புரோக்கரோட திறந்த மடல்

தலைவர் சார், செயலாளர் மேடம், மத்த ஓனர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நீங்கல்லாம் ஜூம்ல உக்காந்து மீட்டிங் போட்டு ஏகமனதா ஒரு தீர்மானம் நிறைவேத்தியிருக்கீங்க, "மாலை 6 மணிக்கு மேல் வெளியாட்கள் யாரும் லேஅவுட்டுக்குள் வரக்கூடாது"ன்னு. சந்தோஷம். அதை பிரிண்ட் எடுத்து கேட்ல ஒட்டச் சொல்லி எனக்குத்தான் அனுப்புனீங்க, ஏன்னா ஒட்டுறதுக்கு ஓனர்ல ஒருத்தர்கூட ஊர்ல இல்ல. நானும் மூஞ்சிக்கல் போய் பிரிண்ட் போட்டு, வெறும் பேப்பர் நம்ம ஊரு மழைக்கு ஒரு ராத்திரி தாங்காதேன்னு என் காசுல லேமினேஷனும் பண்ணி, வந்து ஒட்டி முடிச்சிட்டு மணியப் பாத்தா 6.10. நான் கேட்டுக்கு உள்பக்கம் நிக்கிறேன் சார். உங்க தீர்மானத்த முதல்ல மீறுனது அத ஒட்டுனவன்தான்.

கோவிச்சிட்டு எழுதல. ஆனா கொஞ்சம் கணக்கு பேசணும்.

மொத்தம் 22 வில்லா, அதுல 19 வீட்டு சாவி என் வீட்டு செவுத்துல ஆணில தொங்குது, என் பொண்டாட்டி அதுக்கு தினம் சாம்பிராணி போட்டுட்டு "19 வீட்டுக்காரருக்கு டீ வேணுமா"ன்னு கேக்குறா. நான் இருக்குறது நாயுடுபுரத்துல வாடகைக்கு. வாட்ச்மேன் அண்ணன் ஒரு நோட்டுல யாரு எப்ப வந்தா எப்ப போனான்னு எழுதி வைப்பாரு, சும்மா ஒரு நாள் எடுத்துக் கூட்டிப் பாத்தேன். போன வருஷம் அதிகமா தங்குன ஓனர் 23 நாள். ரெண்டு பேரு எட்டிக்கூட பாக்கல. நான் 140 நாள் உள்ள வந்திருக்கேன், பால்காரத் தம்பி 365 நாள். இப்ப சொல்லுங்க, வெளியாளு யாரு?

இது உங்களோட ஆரம்பிச்ச கதை இல்லதான். 1845-ல மதுரைப் பக்கத்து வெயிலும் காய்ச்சலும் தாங்காம அமெரிக்க மிஷனரிங்க ஏறி வந்து இங்க வீடு கட்டுனாங்க, அவங்களும் சீசனுக்கு மட்டும் வந்தவங்கதான். 1863-ல லெவிஞ்ச் துரைன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓடையை மறிச்சு ஏரியக் கட்டுனாரு, இன்னிக்கு வரைக்கும் நாங்க "லேக் வியூ"ன்னு சொல்லி சோறு திங்கிறோம், அந்த மனுசனுக்கு புரோக்கருங்க எல்லாம் சேந்து ஒரு மாலையாவது போட்டிருக்கணும். அப்ப மலைக்கு ரோடு கிடையாது, பெரியகுளம் பக்கம் அடிவாரத்துல இருந்து துரைமாருங்கள சேர்ல வச்சு ஆளுங்க தூக்கிட்டு வருவாங்களாம். இப்ப ரோடு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, தூக்குற வேலை மட்டும் எங்களுக்கு இன்னும் முடியல.

சரி, என் பக்கத்து தப்பையும் ஒத்துக்கிறேன். உங்களுக்கு இந்த வீட்ட நான் காட்டுனது ஏப்ரல்லயோ மே மாசத்துலயோ, அதுவும் காலைல 9 மணில இருந்து 12 மணிக்குள்ள. அது தற்செயல் இல்ல. மதியம் ரெண்டு மணிக்கு மேல மஞ்சு ஏறி வந்துச்சுன்னா எதிர்ல நிக்கிற மாமியாரே தெரியாது, வியூ எங்க தெரியும்? அதனால ரெண்டு மணிக்குள்ள அட்வான்ஸ் கைக்கு வந்துரணும், அதான் எங்க தொழில்ல ராகு காலம். ஒரே ஒரு தடவை மஞ்சு எனக்கு சாதகமா வந்துச்சு. பார்ட்டி கோயம்புத்தூர்ல இருந்து லேட்டா வந்தாரு, வெளிய ஒண்ணுமே தெரியல, "ஆஹா மேகத்துக்குள்ள வீடு"ன்னு அங்கயே டோக்கன் போட்டுட்டாரு, மறுநாள் காலைல ஜன்னலத் திறந்தா நேர் எதிர்ல பக்கத்து லாட்ஜோட அஞ்சு சின்டெக்ஸ் டேங்க் வரிசையா உக்காந்து அவரைப் பாக்குது. அவரு யாருன்னு நான் சொல்லல, அவரே உங்க கமிட்டில இருக்காரு.

ஆனா பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் நான் சுத்தமா காட்டுனேனா இல்லையா? காட்டுனேன். உங்கள்ல பாதிப் பேரு அதத் திருப்பிக்கூட பாக்கல, "பால்கனில யோகா பண்ணலாமா"ன்னு கேட்டீங்க. பத்திரச் செலவு (இப்ப 9 பர்சென்ட்) எவ்வளவுன்னு சொன்னப்ப ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கல, என் கமிஷன் 2 பர்சென்ட்னு சொன்னப்பதான் எல்லாருக்கும் திடீர்னு குளிர் எடுத்துச்சு. அதுல ஒரு சார், அடுத்த குறிஞ்சி சீசனுக்கு குடும்பத்தோட வந்து தங்குவோம்னு 2019-ல என்கிட்ட ஆசையா சொன்னாரு, சார் இப்பதான் 2018-ல பூத்து முடிஞ்சிச்சு இனிமே 2030-லதான்னு சொன்னேன், "அதுக்குள்ள வீட்டுலோன் பாதி முடிஞ்சிரும்"னாரு பாருங்க, அப்படி ஒரு பொறுமைசாலிய நான் பாத்ததில்ல.

ஏப்ரல்ல வாங்குறவங்க நவம்பர்ல போன் பண்ணுவாங்க. இது 15 வருஷமா மாறல. நம்ம ஊருக்கு பெரிய மழை ஐப்பசி கார்த்திகைலதான், அப்ப நாலு நாள் சேந்தாப்ல சூரியன் தெரியாது, கரண்ட் வர்றப்ப வரும், துணி காயாது, தீப்பெட்டி பத்தாது. அந்த நேரம் பாத்து ஒரு தீபாவளி லீவுக்கு வந்து ரெண்டு நாள் உள்ளயே உக்காந்துட்டு மூணாவது நாள் "ஒரு நல்ல பார்ட்டி இருந்தா பாருங்களேன்"னு இழுப்பீங்க. ஏழாம் நம்பர் வீட்ட மட்டும் நானே மூணு தடவை வித்திருக்கேன். நாலாவது தடவைக்கு அந்த வீடே என்னைப் பாத்து சிரிக்குது.

பூட்டிக் கிடக்குற வீட்டுக்குள்ள மழை மாசத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். பன்னெண்டாம் நம்பர் மேடம் சென்னைல இருந்து லாரில ஒரு லெதர் சோபா கொண்டு வந்து போட்டாங்க, காப்பிக்கொட்டை கலரு, உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. ஐப்பசி முடிஞ்சு ஒரு நாள் திறந்து பாக்குறேன், சோபா முழுக்க வெள்ளையா ஆட்டுக்குட்டி முடி மாதிரி பூசணம், கைய வச்சா மெத்துன்னு இருக்கு, ஒரு நிமிசம் உசுரோட ஏதோ படுத்திருக்குன்னே நெனச்சுட்டேன். சாரோட ஷூ, பெல்ட், அலமாரில இருந்த கோட்டு எல்லாத்துலயும் அதே. வாட்ச்மேன் அண்ணனோட சம்சாரமும் நானும் ரெண்டு நாள் வினிகர் தொட்டுத் தொடச்சோம், விறகு போட்டு கணப்பு மூட்டி ரூமைக் காய வச்சோம். மேடத்துக்கு போட்டோ அனுப்புனா "ஐயோ, ஏசி போடக்கூடாதா"ன்னு பதில் வருது. கொடைக்கானல்ல ஏசி! அதுலருந்து வாராவாரம் போய் 19 வீட்டுலயும் ஜன்னலத் திறந்து வச்சு, வெயில் அடிச்சா மெத்தையத் தூக்கி நிறுத்தி, சாயங்காலம் மூடிட்டு வர்றேன். கடைசி வீட்ட மூடும்போது எப்படியும் ஆறரை ஆயிடும். நோட் பண்ணிக்கோங்க.

இ-பாஸ் கதையும் இருக்கு. 2024 மே 7-ல இருந்து கோர்ட்டு உத்தரவுல, வெளியூர் வண்டி மலைக்கு வரணும்னா ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும்னு வந்துச்சா, அன்னிக்கு காலைல இருந்து எனக்கு போன் மேல போன், "எனக்கு அங்க சொந்த வீடு இருக்கு, நான் என்ன டூரிஸ்டா?" சார், வண்டி நம்பர் சென்னை, ஆதார் அட்ரஸ் சென்னை, ஓட்டு சென்னை, செக்போஸ்ட்ல நிக்கிறவருக்கு உங்க மனசுல கொடைக்கானல் இருக்குறது எப்படித் தெரியும்? ஆன்லைன்ல ரெண்டு நிமிசம், பைசா செலவில்ல. அதுக்கு ஆபீஸ்ல ஆள் பிடிச்சுக் குடுக்கச் சொன்னவங்ககூட உங்கள்ல உண்டு. 2025 சீசன்ல வார நாளுக்கு 4,000 வண்டி, வாரக்கடைசில 6,000 வண்டி, அதுக்கு மேல கிடையாதுன்னு வரம்பு வச்சப்பதான் "அப்பாடா ஊரு கொஞ்சம் மூச்சு விடும்"னு நாங்க நெனச்சோம், நீங்க "ரீசேல் வேல்யூ இறங்குமா"ன்னு கேட்டீங்க. (இறங்கல. நிம்மதியா இருங்க.)

அப்புறம் காட்டுமாடு. நீங்க பைசன்னு சொல்றீங்க, ஒரு டன் எடைக்கு எந்தப் பேரு வச்சாலும் ஒண்ணுதான். ஊருக்குள்ள ரோட்டுலயே அது பாட்டுக்கு நடக்கும், நாங்க ஓரமா நின்னு வழி விட்டுப் போறோம். போன மாசம் ராத்திரி பதினொண்ணரைக்கு செயலாளர் மேடம் போன், சிசிடிவில ஒண்ணு அவங்க ரோஜாச் செடியத் தின்னுட்டு இருக்கு, "உடனே போய் அத வெளிய போகச் சொல்லுங்க". 500 கிலோமீட்டர் தள்ளி உக்காந்துட்டு அவங்க மொபைல்ல பாக்குறாங்க, நான் டார்ச்ச எடுத்துட்டுப் போய் தள்ளி நின்னு "மேடம் போகச் சொன்னாங்க"ன்னு சொல்லணும். அது தலையத் தூக்கி என்னை ஒரு பார்வை பாத்துச்சு, நிச்சயமா சொல்றேன், நம்ம ரெண்டு பேர்ல யாரு வெளியாளுன்னு அதுக்கு எந்த சந்தேகமும் இல்ல.

இப்ப மேட்டருக்கு வர்றேன். தீர்மானம் ஒட்டுன மூணாவது நாள் ராத்திரி எட்டரை மணிக்கு நாலாம் நம்பர் வீட்டுல டேங்குக்குப் போற பைப்பு உடைஞ்சு படிக்கட்டுல அருவி மாதிரி ஊத்துது, வாட்ச்மேன் அண்ணன் போன் பண்றாரு, "வால்வ மூடிட்டேன், வீட்டுக்குள்ள தண்ணி போயிருக்கு, சாவி ஒங்கிட்ட, நீ வரணும், ஆனா போர்டு போட்டிருக்கே தம்பி". அவரு விளையாட்டுக்குச் சொல்லல, படிச்சுப் பாத்து பயந்துட்டாரு பாவம். நான் சாவிய கேட்டுக்கு மேல தூக்கிப் போட்டேன், அவரு இருட்டுல தேடுறாரு, பிளம்பர் தம்பி வெளிய குளிர்ல நடுங்கிட்டு "அண்ணே நான் வெளியாளா உள்ளாளா"ன்னு கேக்குறான், தலைவர் சாருக்கு பெர்மிஷன் கேட்டு நாலு தடவை போன் அடிச்சேன், எடுக்கல. அப்புறம் உள்ள போயிட்டோம். மரத்தரை போயிருக்கும், தப்பிச்சது.

அதனால தீர்மானத்த எடுங்கன்னு சொல்ல வரல, ஒரு வரி சேத்துக்கோங்க போதும்: வாட்ச்மேன் குடும்பம், பால்காரர், பிளம்பர், எலக்ட்ரீசியன், சாவி வச்சிருக்கவன், இவங்கெல்லாம் வெளியாள் இல்ல. அப்படியே வாட்ச்மேன் அண்ணனுக்கு ரெண்டு வருஷமா ஏத்தாத சம்பளத்தையும் ஏத்துங்க, அதுக்கு ஜூம் மீட்டிங் தேவையில்ல. முடிஞ்சா ஐப்பசில ஒரு வாரம் வந்து தங்குங்க, கணப்புக்கு விறகு நான் காய வச்சுத் தர்றேன், பூண்டுக் குழம்பு என் வீட்டுல இருந்து வரும். அதுக்கப்புறமும் விக்கணும்னு தோணுச்சுன்னா விக்கலாம், எனக்கென்ன, 2 பர்சென்ட்.

இப்படிக்கு,
நாயுடுபுரத்துல இருந்து உங்க வெளியாளு

பி.கு: மூணாம் நம்பர் சார், இன்னிக்கு காலைல உங்க லான்ல காட்டுமாடு கன்னுக்குட்டியோட வந்து படுத்திருக்கு, எந்திரிக்கிற மாதிரி தெரியல. போட்டோ எடுத்து வச்சிருக்கேன். விக்கிற ஐடியா இன்னும் இருந்தா சொல்லுங்க, "வைல்ட்லைஃப் வியூ"ன்னு போட்டு செண்டுக்கு கொஞ்சம் ஏத்திப் பாக்கலாம்.