தூக்க ஆய்வுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த விதம்: பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

தறிச் சத்தம் பிள்ளைகளின் தூக்கத்தை எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்று நம் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் ஆய்வு செய்வது உங்களில் பலருக்குத் தெரியும். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக அவர்களே தேடிப் பிடித்த தலைப்பு. சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிகளுக்கு நடுவே குடியிருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான தலைப்பு கிடைக்காது.

திங்கட்கிழமை குலுக்கலில் 60 பெயர்கள் வந்ததும் சிலர் போன் செய்தீர்கள், சிலர் நேரில் வந்தீர்கள். "என் பொண்ணு பேரு ஏன் வரலைங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். "நல்லாப் படிக்கிற புள்ளைங்களக் கேட்டாத்தானுங்களே சரியாச் சொல்லுவாங்க?" என்றார் ஓர் அப்பா. மகனுக்குப் பதில் அவன் அக்காவைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

ஆறு முதல் பத்து வரை சுமார் 600 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வாரம் தூக்கக் குறிப்பு எழுத வேண்டும், அதை இந்த இரண்டு பெண்களும் தினமும் பார்த்துச் சந்தேகம் கேட்க வேண்டும். 600 பேரை அப்படிக் கவனிக்க முடியாது, 60 பேரை முடியும். அந்த 60 பேர் யார் என்பதில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது.

சாயந்தரம் மணி அடித்ததும் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கேட்டுவிடலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் திட்டம். ஒருநாள் வாசலில் நின்றும் பார்த்தார்கள். நின்று பேச நேரமிருந்த பிள்ளைகள் நின்றார்கள். வீட்டுக்குப் போய்த் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள், அம்மா தறிக்குப் போகுமுன் வீடு சேர வேண்டியவன், இவர்கள் மணி அடித்த வேகத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தூக்கம் குறைவாக இருக்கக்கூடிய பிள்ளைகள் இவர்கள்தான். வாசலில் எத்தனை பேரைக் கேட்டாலும் இவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று அந்த மாணவிகள் தாங்களே வந்து சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஆள் அதிகமாக இருந்தால் இந்தக் குறை சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் ஜெயித்தார். அவர்கள் முகவரி எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, பதில் போடாமல் விட்டவர்களின் மனநிலையும் கணக்கில் வரவில்லை.

அதனால்தான் குலுக்கல். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு முதலில் பட்டியலைப் பிரித்தார்கள்: வீட்டில் தறி ஓடுகிற பிள்ளைகள், ஓடாத பிள்ளைகள் என்று இரண்டு. அங்கே ஒரு சிக்கல் வந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் தறியே கிடையாது, ஆனால் அவன் பாய் விரிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி ஓடுகிறது. ராத்திரி சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரியும் என்றான். அவனை எந்தப் பக்கம் சேர்ப்பது? அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில் சுவரை ஒட்டித் தறி ஓடும் வீடுகளுக்கென்று மூன்றாவது பட்டியல் போட்டார்கள். இப்படி ஒரு பட்டியல் எனக்குத் தோன்றியிருக்காது. ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் 20 பேர். மூன்று பட்டியலும் ஒரே அளவு இல்லை என்பதால், பள்ளி முழுவதற்குமான சராசரி சொல்லும்போது அந்தந்தப் பட்டியலின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கணக்கிடுவார்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஏற்காட்டு மலைக் கிராமப் பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வார்டன் விளக்கணைக்கும் நேரம்தான் தூங்கும் நேரம். அவர்களை விட்டது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதப்படும்.

சீட்டு எடுத்த விதம் பார்க்க அழகாக இருந்தது. உத்திரமேரூர் கல்வெட்டு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்தது. ஊர்ச் சபைக்குத் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். நம் மாணவிகளும் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு குழந்தையை அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு பட்டியலாகச் சீட்டுகளைக் குடத்தில் போட்டு, நன்றாகக் கலக்கி, பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எடுக்க வைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு யார் நன்றாகப் படிப்பவர், யார் வீடு எது என்று எதுவும் தெரியாது. எல்லோர் சீட்டும் ஒரே மாதிரி கிடந்தது.

சரி, இப்போது உங்களிடம் கேட்டுக்கொள்வது.

பெயர் வராத பிள்ளையைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். வந்த பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளையை அனுப்பாதீர்கள். ஆர்வமாக வருகிறவர்களையே சேர்த்துக்கொண்டால் மறுபடியும் வாசலில் நின்று கேட்ட கதைதான். உங்கள் பிள்ளை பெயர் வராதது எந்தக் குறையையும் காட்டாது. வீட்டில் வருத்தப்பட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெயர் வந்தும் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இணைத்துள்ள தாளில் "வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காரணம் கேட்கமாட்டோம், பிள்ளையிடமும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அப்படி விலகுகிறவர்களுக்காக ஒவ்வொரு பட்டியலிலும் மாற்றுப் பெயர்களைக் குலுக்கலிலேயே வரிசையாக எடுத்து வைத்திருக்கிறோம். எத்தனை பேர் விலகினார்கள் என்பதும் அறிக்கையில் வரும். ஆனால் கேட்கப் போகும் நாளில் பிள்ளை லீவு என்றால் மாற்றுப் பெயருக்குப் போகமாட்டோம், வரும் நாளில் அதே பிள்ளையையே கேட்போம். அடிக்கடி லீவு போடும் பிள்ளையின் தூக்கமும் தெரிந்தாக வேண்டும்.

குறிப்பேட்டில் நான்கு விஷயங்கள்தான்: படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்தது, அப்போது தறி ஓடியதா நின்றிருந்ததா. யார் தறி, எத்தனை தறி, கூலி எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. வீட்டு விவரம் வெளியே போய்விடுமோ என்று தயங்குகிறவர்கள் இருக்கிறீர்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. குறிப்பேட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற தாள் என் பீரோவில் பூட்டி இருக்கும், ஆய்வு முடிந்ததும் கிழித்துவிடுவேன்.

இந்த ஆய்வு உங்கள் தொழிலைக் குறை சொல்ல வந்ததல்ல. இந்தப் பள்ளியின் பாதிப் பிள்ளைகள் தறி போடும் சோற்றில் வளர்கிறவர்கள். 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைக்கு ராத்திரி 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணித் தெரிந்துகொண்டால் காலை முதல் பாடவேளையில் எதை வைப்பது, வீட்டுப்பாடம் எவ்வளவு கொடுப்பது என்பதை நாங்கள் மாற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் எனக்கு உண்மையான கணக்கு தேவைப்படுகிறது. அதனால் பிள்ளை எழுதுவதைத் திருத்தாதீர்கள். ஐந்து மணி நேரம் தூங்கினால் ஐந்து என்றே எழுதட்டும்.

தாளை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நேரில் கேட்க வேண்டியிருந்தால் மாலை 4 முதல் 5 வரை அறையில் இருப்பேன். ஷிப்ட் காரணமாக அந்த நேரத்தில் வர முடியாதவர்கள் காலை பிரார்த்தனைக்கு முன் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்