கடனை அடைப்பது நாட்டுக்குக் கெடுதலா?

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் கடனை அடைப்பதிலேயே குறியாக இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் கிரெடிட் கார்டு பாக்கியை நான் இப்போது அடைப்பது தப்பா என்று கேட்டிருந்தாய். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம். எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் கையை இறுக்கினால் விற்பனை சரியும், சம்பளம் குறையும், கடைசியில் மிச்சம் பிடிக்கவே யாரிடமும் ஒன்றும் இராது. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936இல் எழுதியது இதைத்தான். சிக்கன முரண் என்பார்கள்.

மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. கடன் வாங்கிச் செய்யும் செலவு, அடுத்த வருடத்துச் செலவை இந்த வருடத்துக்கு இழுத்துக்கொள்வது. இன்று கடைக்குப் போகும் பணம் நாளை தவணைக்குப் போகும். வட்டியும் சேர்ந்து போகும். தென் கொரியாவைப் பார். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் நுகர்வைத் தூக்கி நிறுத்த அரசே கிரெடிட் கார்டை ஊக்குவித்தது. 1999 முதல் கார்டு செலவுக்கு வரிக் கழிவு, பிறகு ரசீதுகளுக்குக் குலுக்கல் பரிசுகூட வந்தது. ஓரிரு வருடம் கடைகள் களைகட்டின. 2003இல் லட்சக்கணக்கானோர் தவணை தவறினார்கள்; நாட்டின் பெரிய கார்டு நிறுவனத்தையே கடன் கொடுத்த வங்கிகள் காப்பாற்ற வேண்டி வந்தது. அந்த வருடம் தனியார் நுகர்வு வளரவில்லை, சுருங்கியது. அமெரிக்காவிலும் 2008இல் உச்சம் தொட்ட குடும்பக் கடன் 2013 வரை இறங்கிக்கொண்டே இருந்தது. மீட்சி அவ்வளவு மந்தமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, வருமானம் ஆறு மாதம் தடுமாறினாலும் திடீரென்று செலவை நிறுத்த வேண்டியிராத குடும்பம்தான் நாட்டுக்கு உதவும் குடும்பம். தேசபக்திக்காகக் கடனில் பொருள் வாங்கச் சொல்லும் விளம்பரத்தை நான் அதிகம் நம்பமாட்டேன்.

இனி உன் கார்டுக்கு வருகிறேன். மாதம் 3 சதவீத வட்டியில் 1,00,000 பாக்கி என்று வைத்துக்கொள். மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் வட்டியோடு 1,03,000. நீ கட்டுவது 5,150. அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும், அங்கேதான் பொறி. புதிதாக எதுவும் வாங்காமல் 32 மாதம் மினிமம் மட்டும் கட்டினால் மொத்தம் 1,20,000 கட்டியிருப்பாய், இன்னும் ஏறக்குறைய 50,000 பாக்கி நிற்கும். அதற்குப் பதில், முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால் 30 மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். அதிகம் சம்பாதிக்க வேண்டாம். தொகையைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் எதுவும் வாங்காதே. முழுத் தொகை கட்டாத மாதத்தில் வட்டியில்லாக் காலம் பெரும்பாலும் போய்விடும். புதிதாக வாங்குவதற்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்து வட்டி, மேலே கட்டணம்.

அதே சமயம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எல்லாவற்றையும் கடனில் கொட்டாதே. கையில் ஒரு மாதச் செலவுக்காவது பணம் இல்லாமல் கடனை அடைத்தால், அடுத்த மருத்துவச் செலவு திரும்பவும் கார்டில்தான் ஏறும். முதலில் அந்த ஒரு மாதப் பணம். அடுத்து வட்டி அதிகமான கடன். அது முடிந்தபின் சேமிப்பை மூன்று மாதச் செலவுக்கு உயர்த்து. தவணைகள் எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். நாற்பது சதவீதம் தாண்டினால், ஒரு மாதச் சம்பளம் தள்ளிப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும்.

‘பிளாட்’ வட்டி என்றால் உஷார். 12,000 கடன், 10 சதவீத பிளாட், 12 மாதம்: தவணை 1,100. மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி முழு 12,000க்கும் போடப்படுகிறது. உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம். வட்டியே இல்லை என்று விற்கும் தவணைத் திட்டத்தில், மொத்தமாகக் கட்டினால் என்ன தள்ளுபடி என்று கேள். அந்தத் தள்ளுபடிதான் பல சமயம் வட்டி.

வீட்டுக் கடன் வட்டி மாறக்கூடிய வகை என்பதால் அதையும் ஒருமுறை பார். மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால், கடன் கொடுத்தவர் தவணைத் தொகையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தை நீட்டிவிடுவதுண்டு. 8 சதவீதத்தில் 20 வருடத்துக்குப் போட்ட கடன் தொடக்கத்திலேயே 9 சதவீதமானால் 25 வருடம் தாண்டும். 10 சதவீதமானால் ஐம்பது வருடத்தையும் தாண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் தவணை ஏறக்குறைய முழுக்க வட்டிக்கே சரியாகிவிடும். முன்கூட்டிக் கட்டும்போதெல்லாம் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேள்.

செலவைக் குறைப்பதிலும் வித்தியாசம் உண்டு. பழுது பார்ப்பது, தையல், பராமரிப்பு, பாடம் கற்பது போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் கூலியாகிறது. அதை வெட்டாதே. தள்ளிப்போட வேண்டியது, தவணையில் மட்டுமே வாங்க முடிகிற புதுச் சாமான்களை.

கார்டின் கடைசி மூன்று ஸ்டேட்மென்ட்டுகளையும், வீட்டுக் கடனின் இப்போதைய தவணை அட்டவணையையும் எனக்கு அனுப்பு. மீதி எத்தனை மாதம் என்று காட்டும் கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா