அட்டை வேறு, எஸ்1 வேறு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வு பெற்றபின் லண்டனை விட்டு பிரான்சிலோ ஸ்பெயினிலோ குடியேறுவது பற்றி சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். வீட்டு விலை, வெயில், பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது, எல்லாம் சரி. மருத்துவம் பற்றி மட்டும் இரண்டே வரி. பிரித்தானியக் கடவுச்சீட்டும், பிரித்தானியா தரும் ஜி.எச்.ஐ.சி. மருத்துவ அட்டையும் கையில் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி யாராவது வீட்டை விற்றுவிட்டு வந்து இறங்கினால் பெரும் சிக்கலில் மாட்டுவார்கள். நானும் கணவரும் 2019இல் வட லண்டனிலிருந்து பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் மகளின் வீட்டுக்கு அருகே வந்து குடியேறியவர்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

அந்த அட்டை பயணிகளுக்கானது. விடுமுறைக்கு வந்த இடத்தில் காய்ச்சல் வந்தாலோ விழுந்து கையை முறித்துக்கொண்டாலோ அது உதவும். நிரந்தரமாகக் குடியேறியவருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது எஸ்1 படிவம். பிரித்தானிய அரச ஓய்வூதியம் எடுப்பவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிரித்தானிய அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின், நியூகாசிலில் உள்ள வெளிநாட்டு மருத்துவச் சேவைப் பிரிவு அதைத் தருகிறது. வந்த படிவத்தை இங்குள்ள காப்புறுதி அலுவலகத்தில் பதிந்தால் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைக்கும் அதே மருத்துவம் நமக்கும் கிடைக்கும், செலவைப் பிரித்தானியா ஏற்கும். பிரெக்சிற்றோடு, அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதோடு, இது முடிந்துவிட்டது என்று பாரிசின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இன்றும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். முடியவில்லை. 2020 டிசம்பர் 31க்கு முன் வந்து குடியிருந்தவர்களை விலகல் ஒப்பந்தம் காக்கிறது. பிறகு வந்தவர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பிரித்தானியா செய்த வர்த்தக ஒப்பந்தத்தோடு சேர்ந்த சமூகப் பாதுகாப்பு விதிகளில் எஸ்1 இருக்கிறது.

இதில் கடவுச்சீட்டின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்கு ஓய்வூதியம் தருவது எந்த நாடு என்பதைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

என் கணவர் லண்டனுக்கு வருவதற்கு முன், எண்பதுகளின் கடைசியில், பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சில வருடங்கள் வேலை செய்தவர். அந்தக் காலத்துச் சம்பளத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். இங்கு வந்தபின் மகள் அவற்றைக் கண்டெடுத்து, பிரெஞ்சு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துக் கொடுத்தாள். மாதம் நூறு யூரோகூட வராத பென்சன். ஆனால் அது வரத் தொடங்கியதும் நியூகாசிலிலிருந்து கடிதம் வந்தது, அவருடைய எஸ்1 ரத்து என்று. நாங்கள் பதறிவிட்டோம். ஆனால் விதி அப்படித்தான். இரண்டு நாடுகளின் ஓய்வூதியம் எடுக்கும் ஒருவர் அவற்றில் ஒரு நாட்டில் வாழ்ந்தால், அவருடைய மருத்துவப் பொறுப்பு அந்த நாட்டுக்கே. பிரித்தானியாவில் இருபது வருடம் உழைத்து வாங்கும் பென்சன் பல மடங்கு பெரியதாக இருந்தாலும் அது கணக்கில் இல்லை.

சரி, அதனால் என்ன நட்டம்? இங்கே மருத்துவம் நிற்கவில்லை, பிரான்சே அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. ஆனால் எஸ்1 இருக்கும்வரை பென்சன் மீது விதிக்க முடியாத பிரெஞ்சு சமூக வரி, எஸ்1 போனபின் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வந்துவிடும். இன்னொன்று அதைவிடப் பெரியது. பிரித்தானிய எஸ்1 பதிந்து வைத்திருக்கும் நான் இங்கிலாந்துக்குப் போனால் என்.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் அங்கு வாழ்பவரைப் போலவே இலவசமாகச் சிகிச்சை பெறலாம். என் கணவருக்கு அது இல்லை. அங்கே நிற்கும்போது திடீரென்று ஏதாவது வந்தால் பிரான்ஸ் தரும் பயண மருத்துவ அட்டை காப்பாற்றும். ஆனால் இடுப்பு மூட்டை மாற்றப் பழைய லண்டன் வைத்தியரிடமே போக வேண்டும் என்றால், முன்கூட்டியே பிரான்சிடம் எஸ்2 என்ற வெளிநாட்டுச் சிகிச்சை அனுமதி வாங்க வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போகும்போதும் அப்படித்தான்: என் பையில் இருப்பது பிரித்தானியா தந்த அட்டை, அவர் பையில் இருப்பது பிரான்ஸ் தந்தது. நம்மவர்களில் எத்தனையோ பேர் முதலில் பிரான்சிலோ ஜேர்மனியிலோ சில காலம் உழைத்து, பிறகு லண்டன் போனவர்கள். அவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகச் சின்னப் பென்சனை வேண்டாம் என்று விடச் சொல்லவில்லை. என்ன மாறும் என்று முதலே தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கட்டுரையில் "இலவசம்" என்ற சொல்லும் வந்தது. லண்டனில் அறுபது வயதைத் தாண்டிய பின் மருந்துக்குக் காசு கொடுத்தே பழகாதவர்கள் நாங்கள். இங்கே 2024 டிசம்பரிலிருந்து குடும்ப வைத்தியரைப் பார்க்க 30 யூரோ. அதில் 70 வீதத்தை அரச காப்புறுதி ஏற்று, 2 யூரோவைக் கழித்துக்கொண்டு 19 யூரோவைத் திருப்பித் தருகிறது. அதுவும் ஒரு வைத்தியரை உங்கள் குடும்ப வைத்தியராகப் பதிந்திருந்தால்தான். மிச்சத்தில் 9 யூரோவைத் துணைக் காப்புறுதி தரும், அந்த 2 யூரோ நம் கணக்கு. துணைக் காப்புறுதியை நாமே மாதாமாதம் கட்ட வேண்டும், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எனக்கு நீரிழிவு. அது நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்கான மருந்துக்கும் பரிசோதனைக்கும் 100 வீதம். பார்மசியில் பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதியின் பச்சை அட்டையை நீட்டினால் போதும். ஆனால் அதே நாளில் முழங்கால் வலிக்கு வாங்கும் மாத்திரை அந்த 100 வீதத்தில் சேராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, இங்கே வைத்தியம் நல்ல வைத்தியம். வருபவர்கள் மாதச் செலவில் இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

அந்தப் பச்சை அட்டை எனக்கு வந்து சேர மாதக்கணக்கானது. காரணம் என் பெயர். நம் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும்தான் ஒரு கட்டத்தில் இருக்கும், தகப்பன் பெயர் வேறு கட்டத்தில். பிரித்தானியக் கடவுச்சீட்டில் எனக்குக் குடும்பப் பெயராக இருப்பது கணவரின் பெயர், எஸ்1இலும் அதுவே. இங்கோ பெண்ணைப் பிறந்த குடும்பப் பெயரால்தான் பதிவார்கள். காப்புறுதி அலுவலகத்துப் பெண் மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, இதில் நீங்கள் யார் என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை! நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் பிரெஞ்சில் எடுத்துச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. பெண்கள் இந்த இரண்டு சான்றிதழையும் ஆரம்பத்திலேயே தயாராக வைத்திருப்பது நல்லது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே வந்து குடியேறிய பிறகும் லண்டனில் மகன் வீட்டு முகவரியைக் கொடுத்து ஜீ.பி. (குடும்ப வைத்தியர்) பதிவை அப்படியே வைத்திருக்கிறார்கள் பலர். முப்பது வருடம் வரி கட்டினோம், நமக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார்கள். என்.எச்.எஸ். வரியையோ கடவுச்சீட்டையோ வைத்து இயங்குவதில்லை, அங்கே வாழ்கிறீர்களா என்பதுதான் அதன் கணக்கு. ஜீ.பி.யைப் பார்ப்பதற்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் யாருக்கும் காசில்லை. ஆனால் அங்கே வாழாதவர், எஸ்1ஓ வேறு விலக்கோ இல்லாமல் வார்டில் படுத்தால் வழக்கமான கட்டணத்தின் 150 வீதத்துக்குப் பில் வரலாம். எஸ்1 இருப்பவருக்கு இங்கிலாந்தில் உரிமை சட்டப்படியே இருக்கிறது. பிறகு எதற்கு மகன் வீட்டு முகவரி?

ஆகவே அந்த இரண்டு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால், பிரித்தானிய அரச ஓய்வூதிய வயதுக்கு முன்பே வர நினைப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் எழுதுங்கள். அவர்களுக்குப் பொதுவாக எஸ்1 கிடையாது. ஸ்பெயினில் என்றால் ஒரு வருடம் வாழ்ந்த பிறகு, 65 வயதுக்குக் கீழே மாதம் 60 யூரோ, அதற்கு மேல் 157 யூரோ கட்டி அரச மருத்துவத்தில் சேரும் வழி ஒன்று உண்டு, பார்மசியில் வாங்கும் மருந்துக்கு முழு விலை கொடுக்க வேண்டும். பிரான்சில் என்றால் மூன்று மாதம் நிரந்தரமாக வாழ்ந்த பின் விண்ணப்பிக்கலாம், அதுவரை தனியார் காப்புறுதிதான். அப்புறம், ஜி.எச்.ஐ.சி. அட்டையை என்.எச்.எஸ். இலவசமாகத்தான் தருகிறது. அதை எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்கும் இணையத்தளங்கள் இருக்கின்றன என்பதையும் கட்டுரையில் ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
சார்செல், பிரான்ஸ்