வாட்சோவுக்கு 15 நிமிஷம், திருச்சிக்கு 1 மணித்தியாலம்

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நோர்வேயின் வடகோடியில், கிர்கெனஸில் பிளேன் ஏறி வாட்சோவில் இறங்க 15 நிமிஷம் என்று எழுதியிருந்தாய், புளுகுகிறாய் என்றுதான் நினைத்தேன். போனில் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, இரண்டும் வாராங்கர் குடாவின் எதிரெதிர்க் கரைகள், நேரே அளந்தால் 40 கிலோமீற்றர்கூட இல்லை, றோட்டால் என்றால் குடாவைச் சுற்றி 170 அளவில் வருகிறது. 39 பேர் ஏறுகிற பிளேன் உங்களுக்கு மினிபஸ் மாதிரித்தான் போல.

எனக்கு யாழ்ப்பாணக் கடலேரியின் இக்கரையில் இருக்கிற பூநகரிதான் ஞாபகம் வந்தது. ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற கேரதீவுப் பாதைப்படகு ஓடாத காலத்தில், 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் வரும்வரை, அக்கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் தரையால் போக ஆனையிறவு சுற்ற வேண்டும். அதுவும் போரில் அடைபட்டபோது கிளாலிக் கடலேரியை வள்ளத்தில்தான் கடக்க வேண்டும். நாங்கள் ஏறிய இரவு, முன்னால் ஒரு மோட்டார் வள்ளம், பின்னால் கயிற்றில் இழுபட்ட நாலைந்து, உன் சைக்கிளின் முன்சில்லு என் மடியில். எத்தனை கிலோமீற்றர் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. விடியமுதல் கரை சேர்ந்தால் போதும் என்று இருந்தோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். திருச்சிக்குப் போய் வந்தேன், கொட்டப்பட்டு அகதி முகாமில் இருக்கிற அக்காவைப் பார்க்க. முந்தி என்றால் இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய், அங்கே பிளேன் ஏறி மறுபடி வடக்கே வர வேண்டும். 2025 மார்ச் 30இலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டில் இருந்தே திருச்சிக்குப் பிளேன் ஓடுகிறது. நேரே 185 கிலோமீற்றர் அளவுதான், ரிக்கற்றில் ஒரு மணித்தியாலம் போட்டிருந்தது. இதில் ஓடுகிற ஏரிஆர் 72 என்ற காற்றாடிப் பிளேன் மேலே போனால் மணிக்கு 500 அளவில் பறக்கும், அப்படியென்றால் 22 நிமிஷத்தில் முடிய வேண்டுமே, மிச்சம் எங்கே போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். போட்டிருக்கிற நேரம் பிளேன் நின்ற இடத்தைவிட்டு அசைவதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரைக்குமானது. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக வேண்டும், பிறகு ஏற்றம், கடலுக்கு மேலே சொற்ப நேரம் சமனாகப் பறந்ததும் இறக்கம், ஓடுபாதைக்கு நேர் பிடிக்க ஒரு வளைவு. போகிற தூரம் குறைந்தாலும் இந்த வேலைகள் குறையாது, அதனால் கிட்டத் தூரத்துக்குப் பிளேன் கொஞ்சம் சோம்பேறிதான். உன்னுடையதையும் வகுத்துப் பார், மணிக்கு 160கூட வராது.

பரந்தனில் படலையைச் சாத்தியதிலிருந்து அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்வரை ஏழு மணித்தியாலம். மீசாலையில் திரும்பிப் புத்தூர்ப் பக்கமாகப் போனோம், றோட்டில் பிரச்சினை இல்லை, நேரம் தின்றது வரிசையும் சோதனையும்தான். பையைக் கிளறிய ஒருவர் புழுக்கொடியலை, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, எடுத்து மணந்து பார்த்துவிட்டு இது என்ன மரக்கட்டையா என்று கேட்டார், ஒன்றைக் கடித்துக் காட்டிய பிறகுதான் விட்டார். முகாம் அங்கே எயார்போட்டுக்குக் கிட்ட என்பதால் ஆட்டோவில் சொட்டு நேரம். அக்கா 1990இல் மன்னாரால் வள்ளத்தில் போனவள். நான் பிளேனில் வந்த நேரத்தைச் சொன்னதும், அதைக் காதிலேயே போடாமல் புழுக்கொடியலை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

ஆவணியில் வருவதாக இருந்தால் சென்னையிலோ திருச்சியிலோ மாறிப் பலாலிக்கு வா, விசா விஷயத்தை மட்டும் முதலே கேட்டு வை. நான் வாசலில் நிற்பேன். கருவாடு கொண்டுவராதே, இங்கே கிடக்கிறது.