நிக்கோபார் காட்டுக்கு அரியானாவில் ஈடு கிடையாது

மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், புதுநகரம், மின் நிலையம் கட்டுவதற்காக 130 சதுர கிலோமீட்டர் காட்டை விட்டுக்கொடுக்க 2022 அக்டோபரில் கொள்கையளவில் ஒப்புதல் தந்தீர்கள். துறைமுகம் தேவையா என்ற பெரிய விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. அந்தக் காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் வளர்க்கும் ஏற்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெரிய நிக்கோபாரில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அரியானாவின் சராசரி 600-ஐக்கூட எட்டாது. அது மட்டுமா? இந்தத் தீவின் செடிகொடிகளுக்கு நெருங்கிய உறவு வட இந்தியாவில் இல்லை, சுமத்ராவிலும் மலாயாவிலும்தான் இருக்கிறது. அங்குள்ள மரப்பெரணியையும் ஃபெலனாப்சிஸ் ஸ்பெசியோசா என்ற ஆர்க்கிட்டையும் அரியானாவின் ஆரவல்லி மலையின் காய்ந்த சரிவில் எங்கே வைப்பீர்கள்?

காடு என்பது மரம் மட்டுமில்லை என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, சரி. நிக்கோபாரில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மெகபோட் என்ற பறவை அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டில் மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து முட்டையைப் புதைத்துவிடும். சருகு மக்கும் சூட்டில்தான் குஞ்சு பொரிக்கும். அதே கரைக்காட்டில் வளரும் தாழையின வகை ஒன்றின் பழம்தான் தீவின் பழங்குடியினரான ஷோம்பென் மக்களுக்கு முக்கிய உணவு. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர்தான். 2004 சுனாமியில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கரையோரக் காடும் சதுப்புக் காடும் பெருமளவு அழிந்தன. மிச்சமிருப்பதும் புதிதாக முளைத்து வருவதும்தான் இப்போது கையில் இருப்பவை.

வெட்டப்போகும் மரங்கள் 8.5 லட்சம் என்றது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை. 2023-இல் நாடாளுமன்றத்தில் அது 9.64 லட்சம் ஆனது. ஒரு லட்சம் மரம் கூடக் குறைய வருகிற கணக்கை வைத்துக்கொண்டு ஈடு பேசுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அரியானாவில் மரம் நடுங்கள், ஆரவல்லிக்கு அது தேவை. அந்த மண்ணுக்குரியதை நடுங்கள், அந்த மாநிலத்தின் தேவைக்காக நடுங்கள். அதை நிக்கோபார் கணக்கில் வரவு வைக்காதீர்கள். ஒரு மரம் விழுவதற்கு முன் இனவாரியான பட்டியலை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். அந்தத் தீவுகளுக்கு மட்டுமே உரிய இனங்கள் எத்தனை, தீவில் வேறெங்கே அவை மிஞ்சும் என்பதையும் அதில் சொல்லுங்கள். வேறெங்கும் மிஞ்சாத இனம் நிற்கும் இடத்தைத் திட்ட எல்லையிலிருந்து நீக்குங்கள்.

அப்புறம், சிறிய, பெரிய நிக்கோபார் பழங்குடிப் பேரவை இந்தத் திட்டத்துக்குத் தான் கொடுத்த தடையில்லாச் சான்றை 2022 நவம்பரில் கடிதம் எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கடிதத்துக்கு உங்கள் பதில் என்ன?

இப்படிக்கு,
ஒரு குடிமகன்